போன் நம்பர் ஒரு நம்பர் அல்ல

“தம்பி, எல்லாக் கஸ்டமருக்கும் ஒரே நம்பர்தான் வருது. போட்டாலும் போக மாட்டேங்குது” என்று மளிகைக் கடை அண்ணாச்சி கூப்பிட்டபோது நான் முதலில் நம்பவில்லை. ஆர்டர் எடுப்பதற்காக அவர் கடைக்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்த சின்ன வெப் ஆப் அது. பராமரிப்பு மட்டும் என் கைக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சர்வருக்குள் போய் டேபிளைத் திறந்தேன். அண்ணாச்சி சொன்னது சரிதான். பெயர்கள் வேறு வேறு, முகவரிகள் வேறு வேறு. போன் நம்பருக்கான நெடுவரிசையில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்: 2147483647. (ஆபீசில் எல்லோரும் ‘காலம்’ என்றுதான் சொல்கிறோம். எழுதும்போது அது நேரத்தோடு குழம்பும், அதனால் இங்கே நெடுவரிசை.)

அந்த எண்ணைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இன்ட் என்ற முழு எண் வகை ஒவ்வொரு மதிப்புக்கும் 4 பைட், அதாவது 32 பிட் ஒதுக்குகிறது. அதில் பாதி எதிர்மறை எண்களுக்குப் போய்விடும். மிஞ்சுவதில் அதிகபட்சம் 2147483647, சுமார் 214 கோடியே 74 லட்சம். இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கங்கள். இருப்பதிலேயே சின்னதை எடுத்தாலும் 600 கோடி. எந்த எண்ணுமே உள்ளே நுழைய வழியில்லை. கடையில் ஓடியது பழைய மைஎஸ்க்யூஎல். அதன் கண்டிப்பு முறையும் அணைந்திருந்தது. அந்த நிலையில் அது பிழை சொல்லி நிறுத்தாது. கொள்ளும் அளவுக்குள் இருக்கும் ஆகப் பெரிய எண்ணை வைத்துவிட்டு, யாரும் படிக்காத ஓர் எச்சரிக்கையை எங்கோ எழுதிவிட்டு நகர்ந்துவிடும். 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்குகிறது.

அப்படியானால் சோதித்துப் பார்க்கும்போதே மாட்டியிருக்க வேண்டுமே? எழுதியவர் சோதித்திருக்கிறார். எல்லோரும் போடுவதுபோல 1234567890 என்று போட்டிருக்கிறார். அது 123 கோடிதான், இன்ட்டுக்குள் சுகமாக உட்கார்ந்துவிட்டது. அதோடு இன்ட் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 10 என்றும் போட்டு வைத்திருந்தார், பத்து இலக்கம் கொள்ளும் என்று நினைத்து. அந்த 10 கொள்ளளவு அல்ல, திரையில் காட்டும்போது எத்தனை இடம் விடவேண்டும் என்பதற்கான குறிப்பு மட்டுமே. இத்தனை பேரை இத்தனை வருடம் ஏமாற்றிய அந்த அடைப்புக்குறி 8.0.17 பதிப்பில் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இருந்தும் பழைய பாடக்குறிப்புகளிலிருந்து இன்றும் அப்படியே ஒட்டி எடுக்கப்படுகிறது.

சரி, இன்ட்டுக்குப் பதில் பெரிய எண் வகை ஒன்றைப் போட்டிருந்தால் தீர்ந்திருக்குமா? அண்ணாச்சியின் அழைப்பு வந்திருக்காது, அவ்வளவுதான். தப்பு அப்படியே இருந்திருக்கும். இலக்கங்களால் ஆனது என்பதற்காக ஒரு விஷயம் எண் ஆகிவிடாது. அதைக் கூட்டுவோமா, கழிப்போமா, சராசரி பார்ப்போமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பேரின் போன் நம்பரைக் கூட்டினால் ராங் நம்பர்கூட வராது. கணக்குக்கு வராத எதையும் எண் வகையில் வைக்கக் கூடாது. டேபிள் வடிவமைக்கிற யாரிடமும் நான் முதலில் கேட்பது இந்த ஒரே கேள்விதான். பாதிச் சிக்கல் அதிலேயே அவிழ்ந்துவிடும்.

போன் நம்பருக்கு முன்னால் பிளஸ் குறி வரும், நாட்டுக் குறியீடு வரும். சர்வதேச விதிப்படி நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். பிளஸ்ஸோடு 16 எழுத்து கொள்ளும் வார்சார் என்ற எழுத்து வகை போதும். அஞ்சல் குறியீடும் இதே கதைதான். இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடு ஆறு இலக்கம், எதுவும் பூஜ்யத்தில் தொடங்காது. அதனால் இன்ட்டில் போட்டவர்களும் அதிர்ஷ்டத்தில் தப்பித்துவிடுகிறார்கள். அதே ஆப்பைக் கொழும்புக்குக் கொண்டுபோனால் அன்றைக்கே தெரிந்துவிடும். கோட்டையின் குறியீடு 00100, வெள்ளவத்தை 00600. இன்ட்டில் போட்டால் 100, 600 என்று மொட்டையாக நிற்கும். இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் ஒன்பது இலக்கத்துக்குப் பிறகு ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்து வரும். 2016 முதல் தருவது 12 இலக்கம், எழுத்து கிடையாது. புது அட்டையை மட்டும் பார்த்து எண் வகை வைத்தவர் பழைய அட்டைக்காரர் ஒருவர் வந்து நின்றதும் மாட்டிக்கொள்வார். பான் எண் 10, வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி 11, ஜிஎஸ்டி பதிவெண் 15 எழுத்து: ‘எண்’ என்று பெயர் இருந்தாலும் எல்லாம் எழுத்துச் சரங்கள்தான். நீளம் மாறாதவை என்பதால் சார் வகையே பொருந்தும்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. வார்சாராக மாற்றிவிட்டு, தேடும் கட்டளையில் மட்டும் மேற்கோள் குறி போடாமல் எண்ணாகவே எழுதினால், மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு வரிசையின் எழுத்தையும் எண்ணாக மாற்றி ஒப்பிடத் தொடங்கும். வேகமாகத் தேடுவதற்கான இன்டெக்ஸ் இருந்தும் பயன்படாது. ஆயிரம் பேர் இருக்கும்வரை தெரியாது. பத்து லட்சம் ஆனதும் “சர்வர் ஸ்லோ” என்பார்கள்.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் வார்சார் 255 என்று வைப்பவர்கள் உண்டு. அண்ணாச்சி கடையின் அளவு நெடுவரிசை அப்படித்தான் இருந்தது. அதற்குள் “2”, “2 கிலோ”, “ரெண்டு”, “அரைக் கிலோ” எல்லாம் இருந்தன. அவற்றைக் கூட்ட முடியாது. வரிசைப்படுத்தினால் 10க்குப் பிறகுதான் 9 வரும். கூட்டவேண்டியதை எழுத்தாக வைத்தார்கள், கூட்டக்கூடாததை எண்ணாக வைத்தார்கள். அந்த 255க்கும் தனியாக எந்த மகிமையும் இல்லை. பழைய மைஎஸ்க்யூஎல்லில் வார்சாரின் உச்ச நீளம் அது. 5.0.3 பதிப்பிலேயே அந்த வரம்பு போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

உண்மையான முழு எண்களிலும் அளவு பார்க்கவேண்டிய ஓர் இடம் உண்டு: ஒவ்வொரு வரிசைக்கும் தானாக ஏறிக்கொண்டே போகும் ஐடி. 2018 நவம்பரில், குழுவாக வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் பேஸ்கேம்ப் சேவை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் முடங்கியது. பழையதைப் படிக்கலாம், புதிதாக எதையும் சேர்க்க முடியாது. காரணம், நிகழ்வுகளைப் பதிந்துவந்த ஒரு டேபிளின் ஐடி 2147483647ஐத் தொட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வெப் ஆப் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் பிறந்ததே அந்த நிறுவனத்தில்தான். அந்த ரெயில்ஸ் 2017இல் வந்த 5.1 பதிப்பிலேயே ஐடிக்கு 8 பைட் பிக்இன்ட்டை இயல்பு வகையாக்கிவிட்டது. அதற்கு முன்பே உருவான டேபிள்களை அந்த மாற்றம் தொடவில்லை. யூடியூபில் கங்னம் ஸ்டைல் பாட்டின் பார்வை எண்ணிக்கை 2014 டிசம்பரில் இதே எல்லையைத் தாண்டியபோது, யூடியூப் 64 பிட்டுக்கு மாறியதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டது.

இடம் வீணாகுமே என்பார்கள். ஒரு ஐடிக்குக் கூடுதலாக 4 பைட். பத்துக் கோடி வரிசை வந்தால் சுமார் 400 எம்பி, இன்டெக்ஸ்களில் இன்னும் கொஞ்சம். பத்துக் கோடி வரிசை வந்துவிட்ட ஆப்புக்கு அது பணமே இல்லை. ஓடுகிற டேபிளில் இன்ட்டைப் பிக்இன்ட்டாக மாற்றுவதுதான் வலி: டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படும், அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே ஐடிக்குப் பிக்இன்ட் வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். மாவட்டப் பட்டியல், வரிவகைப் பட்டியல் மாதிரி சின்ன டேபிள்களுக்கு மட்டும் ஸ்மால்இன்ட் போதும். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் எண்களை 9007199254740992 வரைதான் பிசகாமல் பிடிக்கும், அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் நழுவும். 2010இல் ட்விட்டர் தன் ஐடிகளை 64 பிட்டுக்குக் கொண்டுபோனபோது, ஒவ்வொரு ஐடியையும் எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பியது அதனால்தான்.

இனி பணம். இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் மற்ற தப்புகள் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

விலையில் புள்ளி வருகிறது, ஆகவே புள்ளி வைத்த எண்களுக்கான ஃப்ளோட் வகை என்று போட்டுவிடுகிறார்கள். கணினி இரண்டின் அடுக்குகளில் கணக்குப் போடுகிறது. நம் பழைய பின்னங்களை வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். அரை, கால், முக்கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும் பின்னங்கள் ஃப்ளோட்டில் துளியும் சிந்தாமல் உட்காரும். வீசம் என்பது பதினாறில் ஒன்று, அதுவும் உட்காரும். மா, காணி, முந்திரி உட்காராது. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. மூன்றுக்கும் உள்ளே ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது, இரண்டால் வெட்டிக்கொண்டே போனால் ஐந்து ஒருநாளும் வராது. பத்தில் ஒன்றுக்கும் அதே கதி. ஒன்றை மூன்றாகப் பிரித்தால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறதே, அதேபோல 0.1 என்பது கணினிக்குள் முடிவில்லாமல் ஓடும், ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்கவேண்டும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவது அதனால். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்று இருந்த காலத்தில், அணாவோடு கணக்கை நிறுத்தியிருந்தால், ஃப்ளோட்டில் கணக்கு நின்றிருக்கும். 1957 ஏப்ரல் 1 அன்று நூறு பைசாவுக்கு மாறியதும் அந்த வசதி போய்விட்டது!

இந்தப் பிசகு பதினேழாவது இலக்கத்தில்தானே, யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். அது 8 பைட் டபுள் வகையின் கணக்கு. 4 பைட் ஃப்ளோட்டைப் பாருங்கள். அதில் 1,23,45,678 ரூபாய் 90 பைசா என்று போட்டால் உள்ளே பதிவாவது 1,23,45,679. பைசா என்ற பேச்சே இல்லை. தொகை ஒரு கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216ஐத் தாண்டிவிட்டால் ஒற்றைப்படை ரூபாய்கூட நிற்காது, இரண்டிரண்டாகத்தான் நகரும். நடுத்தரக் கடை ஒன்றின் ஆண்டு விற்பனை அந்தத் தொகையைத் தொட்டுவிடும். ஆடிட்டர் ஒரு ரூபாய் எங்கே என்று கேட்பார், நீங்கள் மூன்று நாள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். புரோகிராமில் எதுவும் இருக்காது.

பணத்துக்கு டெசிமல் வகை. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் நியூமெரிக் என்பதும் அதுவே. பத்தின் அடுக்கில், நாம் தாளில் எழுதுகிற மாதிரியே வைத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லில் மொத்தம் பத்து இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் இரண்டு என்று அறிவித்தால் 5 பைட்தான் எடுக்கும். இன்னொரு வழி, எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணாக வைப்பது. ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்ற பணம் வாங்கும் சேவைகள் தொகையைப் பைசாவில்தான் கேட்கின்றன, 499 ரூபாய்க்கு 49900 என்று அனுப்பவேண்டும். இரண்டில் எதுவும் சரி. இரண்டையும் ஒரே ஆப்பில் கலந்தால்தான் ஆபத்து, ஒருநாள் யாரோ ஒருவர் நூறு மடங்கு கட்டிவிடுவார். வெளிநாட்டு நாணயமும் வரும் என்றால் நாணயத்தின் பெயருக்குத் தனி நெடுவரிசை வேண்டும். ஜப்பானிய யென்னுக்குச் சில்லறைப் பிரிவு புழக்கத்தில் இல்லை, குவைத் தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். போஸ்ட்கிரெஸில் மணி என்றே ஒரு வகை உண்டு, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது எத்தனை தசம இடம் வைக்கும் என்பது சர்வரின் வட்டார அமைப்பைப் பொறுத்து மாறும்.

தசம இடங்கள் இரண்டு போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதும் தப்பு. ஜிஎஸ்டி விழுக்காட்டுக்கு இரண்டு இடம் வைத்த டேபிள்கள் ஏராளம். 18ஐப் பாதியாக்கினால் மத்திய அரசுக்கு 9, மாநிலத்துக்கு 9. தங்கத்துக்கு 3, பாதி 1.5. பட்டை தீட்டாத வைரக் கல்லுக்கு வரி 0.25 விழுக்காடு. அதில் பாதி 0.125. இரண்டு இடத்தில் போட்டால் 0.13 ஆகும், இரண்டு பாதியையும் கூட்டினால் 0.26. மளிகைக் கடைக்கு இது வராது, நகைத் தொழில் செய்பவர் வந்தால் வரும். எடைக்கும் மூன்று இடம் வையுங்கள், கிலோவில் ஒரு கிராம் வரை பிடிக்கும்.

அடுத்தது எழுத்து. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்கள் நம்மைக் கைவிடுகிற இடம் இது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆகவே 15 பைட். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் வார்சார் நீளத்தை நடுவில் உள்ள ஐந்தைக் கொண்டு எண்ணுகின்றன. ஆரக்கிள் டேட்டாபேஸ் இயல்பாகப் பைட்டை எண்ணும், அங்கே இருபது என்று வைத்தால் ஆறு குறிதான் கொள்ளும்.

மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் எண்ணிக்கையில் ஒன்பது எழுத்து, யூனிகோடில் 16 குறி, 48 பைட். பெயருக்குப் பதினைந்து எழுத்து தாராளம் என்று நினைத்து வார்சார் 15 வைத்தால், கண்டிப்பு முறை இல்லாத மைஎஸ்க்யூஎல் அவரை ‘மீனாட்சிசுந்தரம’ என்று பதிந்துகொள்ளும். கடைசிப் புள்ளி மட்டும் போய்விடும். பார்ப்பவர்கள் தட்டச்சுப் பிழை என்றுதான் நினைப்பார்கள். அதனால் பெயர்களுக்குத் தாராளமாக 100, 150 என்று வையுங்கள். வார்சார் என்பது போட்ட அளவுக்குத்தான் இடம் எடுக்கும். போஸ்ட்கிரெஸில் டெக்ஸ்ட்டுக்கும் வார்சாருக்கும் வேகத்தில் வேறுபாடே கிடையாது, வரம்பு தேவைப்பட்டால் மட்டும் வையுங்கள். இன்னொன்று, குடும்பப் பெயரைக் கட்டாயம் ஆக்காதீர்கள். அப்படி ஆக்கிய இடங்களில் நம்மவர்கள் ஒற்றைப் புள்ளியை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். தலைப்பெழுத்து குடும்பப் பெயர் அல்ல என்பதை எந்த டேட்டாபேஸும் கற்றுத் தராது.

மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரில் பல காலம் இருந்தது முழு யூடிஎஃப்8 அல்ல, 3 பைட்டோடு நின்றுவிடும் குறைவடிவம். முழு வடிவம் 2010இல் 5.5.3 பதிப்பில் எம்பி4 என்ற ஒட்டோடு தனியாக வந்தது. 2018இல் வெளியான 8.0இல்தான் அது இயல்பானது. தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் நமக்குப் பல வருடம் குறையே தெரியவில்லை. வாட்ஸப் பழக்கத்தில் யாரோ பெயருக்குப் பக்கத்தில் ஒரு எமோஜி போட்டபோதுதான் தெரிந்தது, அதற்கு 4 பைட். எமோஜி நமக்கு வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மேலே சொன்ன மா, காணி, முந்திரி போன்றவற்றின் குறியீடுகள் 2019இல் யூனிகோட் 12.0இல் சேர்ந்தன. அவை இருப்பது தமிழின் துணைத் தொகுதியில், ஒவ்வொன்றுக்கும் 4 பைட். பழைய நில ஆவணம் ஒன்றை உள்ளபடி தட்டச்சு செய்து சேர்க்க நினைத்தால் அந்தக் குறைவடிவம் ஏற்காது.

பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகள் தனித் தலைவலி. ‘கொ’ என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டாக வைக்கலாம், ககரம், கொம்பு, கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும் வேலையை யூனிகோட் நார்மலைசேஷன் செய்யும், ‘கொ’ அதில் அடங்கிவிடும். ஸ்ரீ அடங்காது, அதை நாமே பார்த்துக்கொள்ளவேண்டும்.

கடவுச்சொல்லுக்கு ஒரு வரி. பிகிரிப்ட் முறையில் உருமாற்றிய கடவுச்சொல் எப்போதும் 60 எழுத்து. ஐம்பதில் வைத்து, கண்டிப்பும் இல்லாவிட்டால் வால் வெட்டுப்படும். பதிவு செய்கிற எல்லோரும் வெற்றிகரமாகப் பதிவு செய்வார்கள், ஒருவராலும் உள்ளே வரமுடியாது. நானே ஒருமுறை செய்திருக்கிறேன், அதனால் இப்போது 255.

தேதியும் நேரமும். 15 ஜூன் 1990 அன்று பிறந்தவர் படிவத்தில் சரியாகத்தான் நிரப்புகிறார். பிரவுசர் அதை அன்றைய நள்ளிரவு 00:00 என்று எடுத்துக்கொண்டு, உலகப் பொது நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரம் கழிக்கிறது. 14 ஜூன் 18:30 ஆகிவிடுகிறது. தேதியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் ஒருநாள் முன்னதாகப் பிறந்தவர் ஆகிறார். 18:30 என்று முடியும் தேதியைப் பார்த்தாலே இந்தியாவில் வெப் வேலை செய்பவர்கள் பெருமூச்சு விடுவது இதனால்தான். பிறந்தநாளுக்கு நேரம் கிடையாது, அதற்கு டேட் வகை மட்டும் போதும். ஆர்டர் வந்த கணம், ஓடிபி காலாவதியாகும் கணம் போன்றவைதான் நேரப்புள்ளிகள். அவற்றுக்குப் போஸ்ட்கிரெஸில் நேர மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப். பெயர் அப்படி இருந்தாலும் அது மண்டலத்தைச் சேமிப்பதில்லை, பொது நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு கேட்பவரின் மண்டலத்தில் காட்டுகிறது.

மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப்பும் அதையே செய்யும். ஆனால் அது 1970க்கு முன் போகாது, 2038 ஜனவரி 19க்குப் பின்னும் போகாது. நம் நேரப்படி அன்று காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. பாட்டியின் பிறந்த தேதியை அதில் வைக்க முடியாது. இன்று வாங்கும் இருபது வருட வீட்டுக் கடனின் கடைசித் தவணையையும் வைக்க முடியாது. 2038 தொலைவில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் கடன் டேபிளைப் பார்க்கவேண்டும், அங்கே அது வந்தாயிற்று. டேட்டைம் வகைக்கு அந்த எல்லை இல்லை, 9999 வரை போகும். அதற்குப் பதில் மண்டலக் கணக்கை நாமே பார்த்துக்கொள்ளவேண்டும்.

மண்டலத்தை ஐந்தரை என்ற எண்ணாகப் புரோகிராமில் எழுதிவைப்பவர்களுக்கு இலங்கை ஒரு நல்ல பாடம். 1996 மேயில் ஆறரைக்கு மாறினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு வந்தார்கள், 2006 ஏப்ரலில் ஐந்தரைக்குத் திரும்பினார்கள். அந்த இடைக்காலப் பதிவுகளை ஐந்தரை வைத்துக் கணக்கிட்டால் தவறும். ஆசியா/கொழும்பு என்று ஊர்ப்பெயரால் வைத்தால் சரித்திரத்தை மென்பொருள் நூலகம் பார்த்துக்கொள்ளும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்டரின் நிலை போன்ற குறிப்பிட்ட சில மதிப்புகளுக்கு இனம் (ENUM) என்றொரு வகை உண்டு, ஆபீசில் வாய்தவறி ‘ஈனம்’ என்றே ஆகிவிடுகிறது, பாவம். மைஎஸ்க்யூஎல்லில் அதை வரிசைப்படுத்தினால் அகர வரிசை வராது, அறிவித்த வரிசைதான் வரும். பட்டியல் அடிக்கடி வளரும் என்றால் தனி டேபிள் வைப்பது மேல். ஜேசான் வகை நம் வீட்டுப் பரண் மாதிரி. எங்கே வைப்பது என்று தெரியாததை எல்லாம் ஏற்றலாம், இறக்கும்போது தெரியும். பொருளுக்குப் பொருள் மாறும் விவரங்களுக்குச் சரி, விலையை அதற்குள் போடாதீர்கள். ஐடிக்குப் பதில் யூயூஐடி என்ற நீண்ட தனி அடையாளம் வேண்டுமென்றால் 36 எழுத்தாக வைக்காமல் 16 பைட்டாக வையுங்கள். முழுக்கத் தற்செயலான நான்காம் வடிவம் மைஎஸ்க்யூஎல்லில் புது வரிசைகளை டேபிள் முழுக்கச் சிதறடிக்கும். 2024 மேயில் தரமாக்கப்பட்ட ஏழாம் வடிவம் நேர வரிசையில் வளரும். அப்புறம் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ்: முழு எண் என்று அறிவித்த நெடுவரிசையிலும் அது எழுத்தை வாங்கிக்கொள்ளும். 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிக்ட் என்று கேட்டால் மட்டும் கண்டிக்கும். உங்கள் மடிக்கணினியில் எஸ்க்யூலைட், சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்று வைத்திருந்தால் தப்பு வெளியே போன பிறகுதான் தெரியும்.

அண்ணாச்சி கடை நம்பர்கள் திரும்பவில்லை. 2147483647 என்று பதிந்த பிறகு மூல எண் எங்கும் இல்லை, பேக்கப்பிலும் அதுவேதான். நெடுவரிசையை வார்சாராக மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்த பழைய நீள நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு கடைப் பையனும் நானும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தட்டினோம். நோட்டில் இல்லாத புது ஆட்கள் நாற்பது பேர், அவர்கள் மறுபடி ஆர்டர் போட வரும்வரை நம்பர் இல்லாமலே இருந்தார்கள்.

நோட்டில் பல நம்பர்களுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி கையெழுத்தில் ஏதாவது இருந்தது. “மகன் நம்பர்”, “ஆறு மணிக்கு மேல்”, “மாடி வீடு, மிஸ்டு கால் போதும்”. பையன் அதையெல்லாம் எங்கே போடுவது என்று கேட்டான். போன் நெடுவரிசைக்குப் பக்கத்தில் குறிப்பு என்று இன்னொன்று சேர்த்தேன், டெக்ஸ்ட் வகை, ‘நல்’ (NULL), அதாவது காலியும் வரலாம்.